நூலும் ஏஜென்ட்டும்

1

கோயம்புத்தூரில் 'ஏஜென்ட்' என்று சொன்னால் பழைய ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் நூல் ஏஜென்ட்தான். மில்லுக்கும் தறிக்காரருக்கும் நடுவில் நின்று நூல் வாங்கிக் கொடுக்கிறவர். சோமனூரிலோ பல்லடத்திலோ இருக்கிற தறிக்காரர் அவரிடம் "அதே நாப்பதாம் நம்பர், போன வாட்டி மாதிரியே, வெள்ளிக்கெழம வேணுமுங்க" என்று சொன்னால் போதும். எந்த மில், கோனா சிட்டமா, எத்தனை மூட்டை, காசு எப்போது என்பதெல்லாம் அந்தப் பாதிப் பேச்சுக்குள்ளேயே அடங்கியிருக்கும். சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வதுதான் அவருடைய முதலீடு. புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்பார். கேட்பதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இப்போது அதே பெயரில் வேறொரு ஏஜென்ட் வந்திருக்கிறது. மொழி மாதிரியின் மீது கட்டப்பட்ட மென்பொருள் இது. ஒரு வேலையைச் சொன்னால், அந்த வேலைக்கு எந்தெந்தக் கருவிகள் வேண்டும் என்று தானே தேர்ந்து, அவற்றை இயக்கி, வரும் விடையைப் படித்து, அடுத்த அடியை எடுத்து வைக்கிறது. கருவி என்பது இங்கே கணக்குப் புத்தகமாக இருக்கலாம், சரக்கிருப்புப் பட்டியலாக இருக்கலாம், மின்னஞ்சலாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ இருக்கலாம். இந்த ஏஜென்ட் எந்தக் கருவியையும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கருவியைப் பற்றி எழுதி வைத்திருப்பது மட்டும்தான். ஒரு பெயர், நாலைந்து வரி விவரணை, உள்ளே என்னென்ன தர வேண்டும் என்ற பட்டியல்.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாதிரிகள் இப்படிக் கருவிகளை அழைக்க வழி செய்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது ஒழுங்கை வெளியிட்டது. பெயர், விவரணை, உள்ளீட்டின் வடிவம் என்று கருவிகளை அறிமுகப்படுத்தும் முறை அதனால் ஒரு பொது வழக்காயிற்று. அதற்குச் சற்று முன், 2024 செப்டம்பரில், இணையதளங்கள் மொழி மாதிரிகள் படிப்பதற்கென்றே தனியாக ஒரு எளிய கோப்பை வைத்திருக்க வேண்டும் என்று ஜெரமி ஹோவர்ட் முன்மொழிந்தார். 2025 ஜூலையில் நம் ஊர் ஜோஹோவும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. இவற்றையெல்லாம் தொழில்நுட்பச் செய்தி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இவற்றுக்குள் நடந்திருப்பது உரைநடை சம்பந்தப்பட்ட காரியம். மனிதமொழியில், வாக்கியம் வாக்கியமாக, ஆனால் மனிதர் படிப்பதற்காக அன்றி ஒரு புதிய எழுத்து வகை உருவாகியிருக்கிறது. இதை எழுதுகிறவருக்குப் பெயர் இல்லை. படிப்பதற்கு முகம் இல்லை. இப்படியொரு பிரதியை இலக்கியம் படித்தவர்கள் பொறியாளர்களிடமே விட்டுவிட்டது சரியாகப் படவில்லை. பிரதி, வாசகன், அர்த்தம் என்று முப்பது நாற்பது வருஷமாகப் பேசி வருகிறவர்கள் நாம்தான்.

2

தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-ல் வந்ததிலிருந்து நம் சிறுபத்திரிகைச் சூழல் வாசகனைக் கொண்டாடி வந்திருக்கிறது. ஆசிரியன் செத்தான், வாசகன் பிறந்தான் என்ற ரோலான் பார்த்தின் பிரகடனம் நமக்கு ஒரு விடுதலைபோலவே வந்து சேர்ந்தது. வோல்ஃப்காங் ஈசரை ஒட்டிப் பேசியவர்கள் பிரதியின் இடைவெளிகளைப் பற்றிச் சொன்னார்கள். பிரதி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை; அது விட்டுவைக்கும் வெற்றிடங்களை வாசகன் தன் அனுபவத்தால் நிரப்புகிறான்; அந்த நிரப்புதலில்தான் அர்த்தம் நிகழ்கிறது. நல்ல கவிதைக்கு இடைவெளி வேண்டும் என்பது நமக்கு ஏறத்தாழ ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது.

இந்தக் கோட்பாட்டின் நடுவில் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருந்தது. இடைவெளிக்கு முன்னால் வந்ததும் வாசகன் ஒரு கணம் தடுக்கி நிற்பான் என்பதே அது. தடுக்குவதால்தான் அவன் யோசிக்கிறான். யோசிப்பதால்தான் நிரப்புகிறான். ஏஜென்ட் தடுக்குவது அபூர்வம். அது பயின்ற கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து, இந்த இடத்தில் பெரும்பாலும் எது வருமோ அதை எடுத்து வைத்துவிட்டு மேலே போய்விடுகிறது. இடைவெளி இருந்தது என்பதே பல சமயம் அதன் விடையில் தெரியாது. ஈசர் கனவு கண்டதைக் காட்டிலும் சரளமாக இடைவெளியை நிரப்பும் வாசகன் வந்துவிட்டான், அவனிடம் தயக்கம் மட்டும் இல்லை.

மனிதன் ஒரு மோசமான கையேட்டைப் படித்தால் என்ன செய்கிறான்? திட்டுகிறான். பக்கத்து மேஜைக்காரரிடம் "ஏனுங்க, இது என்னங்க சொல்லுது?" என்று கேட்கிறான். கடைக்காரனுக்குப் போன் போடுகிறான். மோசமான எழுத்தின் குறைகளை இப்படிச் சுற்றியிருக்கும் சமூகமே ஈடுகட்டிவிடுகிறது. நம் கையேடுகள் இத்தனை காலம் மோசமாக இருந்தும் வேலை நடந்ததற்குக் காரணம் இதுதான். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து மேஜை கிடையாது. எழுதியது எதுவோ அதுதான் அதன் ஊர்.

இதற்கு நேர் எதிரான ஓர் எழுத்தும் நம் பக்கத்தில் உண்டு. சிறுமுகையில் பட்டு நெய்கிற தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் கோத்துத் தொங்கவிட்ட அட்டைகளைச் சொல்கிறேன். 1804-ல் ஜக்கார்டு பிரான்சில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. அட்டையில் துளை இருந்தால் இழை ஒரு விதமாகவும் இல்லாவிட்டால் வேறு விதமாகவும் நிற்கும். அந்த எழுத்தில் அர்த்த மயக்கத்துக்கே இடம் கிடையாது, ஏனென்றால் அங்கே வாசிப்பே கிடையாது. இயந்திரத்துக்கு எழுதுவது என்றால் இத்தனை நாளும் நாம் அறிந்தது இந்த அட்டையைத்தான். கணினி நிரலும் இதன் பேரப்பிள்ளையே. ஏஜென்ட்டுக்கு எழுதும் விவரணையோ அட்டையும் அல்லாமல், நெசவாளிக்குச் சொல்லும் சேதியும் அல்லாமல் நடுவில் நிற்கிறது. இயந்திரம்தான் படிக்கிறது, ஆனால் அர்த்தப்படுத்திக்கொண்டு படிக்கிறது. பிரச்னை முழுவதும் இந்த நடுவிடத்தில்தான் இருக்கிறது.

3

இந்த நடுவிடத்தைப் பற்றி யோசிக்க மேற்கே போவதற்கு முன் பெருந்துறை வரை போய்ப் பார்க்கலாம். நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊரைப் பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரம் என்று கொங்கு வட்டாரத்தில் சொல்வது வழக்கம். மைசூர்ப் பக்கம் என்போரும் உண்டு. ஊர் எதுவானாலும், சீயகங்கன் வேண்ட, பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி அந்தச் சமண முனிவர் எழுதிய இலக்கணத்தின் பாயிரம், ஒரு நூல் எப்படி எழுதப்பட வேண்டும், யார் சொல்ல வேண்டும், யார் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாக வகுத்து வைத்திருக்கிறது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிறோம்.

அதில் நூலுக்கு ஓர் உவமை வருகிறது. சொல் பஞ்சு, புலவன் நூற்கிறவள், அறிவு கதிர் என்று போகும் அந்த உவமை, பஞ்சாலைகளின் ஊரில் படிக்கும்போது தனியாக உறைக்கும். அடுத்து வரும் உவமை இன்னும் பொருத்தமானது. மரத்தின் கோணலைத் தச்சன் நூல் பிடித்துப் பார்த்துச் சரிசெய்வதுபோல மனக்கோணலை நூல் சரிசெய்கிறது என்பது அதன் சாரம். ஆக, நூல் என்பது ஒரு கருவியாகவே கருதப்பட்டிருக்கிறது. கருவியைப் பற்றி எழுதும் நூலும் ஒரு கருவிதான் என்பதை இன்றைய பொறியாளர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறார்கள்.

மாணாக்கர் வகையைப் பாருங்கள். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி நான்கும் கடை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஏஜென்ட் எந்த வகை என்று கேட்டால் சுவாரஸ்யமான விடை கிடைக்கிறது. 2021-ல் எமிலி பெண்டர், டிம்னிட் கெப்ரு முதலியோர் மொழி மாதிரிகளைக் கிளி என்றார்கள். அர்த்தம் அறியாமல் நிகழ்தகவின்படி சொற்களைக் கோப்பது என்ற பொருளில். நன்னூலின் கிளி வேறு. சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறொன்று சொல்லத் தெரியாதது அது. ஏஜென்ட் அப்படி இருந்திருந்தால் நமக்குப் பாதிக் கவலை இல்லை. சொல்லிக் கொடுக்காததையும் அது சொல்வதுதான் தொல்லை. நன்னூலின் கணக்கில் அது கிளி ஆகாது.

ஆட்டோடு அதற்கு உறவு உண்டு. ஒரு செடியில் தழை நிறைய இருந்தாலும் அங்கே இரண்டு வாய், இங்கே இரண்டு வாய் என்று மேய்வது ஆட்டின் குணம். பெரிய ஆவணத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து, கேள்விக்கு ஒத்துவரும் துண்டுகளை மட்டும் எடுத்துப் படிக்கும் முறை இன்று பரவலாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் "இது பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்து, ஏழாம் பக்கத் துண்டு மட்டும் கைக்கு வந்தால் அந்த நிபந்தனை போயே போச்சு. இல்லிக்குடத்தோடும் உறவு உண்டு. ஏஜென்ட்டின் நினைவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. வேலை நீள நீளத் தொடக்கத்தில் சொன்னது சுருங்கியோ நழுவியோ போகிறது. நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நெய்யரியையும், நீண்ட விவரணையில் முக்கியமானதை விட்டு ஓரத்தில் கிடந்த உதாரணத்தைப் பற்றிக்கொள்ளும்போது பார்க்கிறோம். ஒரே வாசகனிடம் அன்னமும் ஆடும் ஓட்டைக் குடமும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. எந்த நேரத்தில் எது வெளியே வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே எழுதுகிறவர் கடை மாணாக்கரை மனத்தில் வைத்துத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு துண்டும் தன் நிபந்தனையைத் தானே சுமக்க வேண்டும் என்பது இதிலிருந்து பிறக்கும் முதல் விதி.

4

குற்றம் பத்து, அழகு பத்து என்று நன்னூல் வகுத்ததில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஆர்டர், சரக்கு, பில் மூன்றையும் ஓர் ஏஜென்ட் கையில் கொடுக்கிறார்கள். 'ஆர்டர் பதிவு' என்ற கருவிக்கு விவரணை எழுத வேண்டும். உள்ளீடுகளில் ஒன்று 'அளவு'. எழுதியவர் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது கடைக்காரர் ஒருவரிடமிருந்து "வெள்ளை, ஆர்.என்., அளவு 90" என்று சேதி வருகிறது. அது தொண்ணூறு சென்டிமீட்டர் சைஸா, தொண்ணூறு உருப்படியா? தமிழில் அளவு என்பது இரண்டுக்கும் பெயர். கம்பெனியில் இருக்கும் பையன் "எத்தனை டஜனுங்க?" என்று கேட்டிருப்பான். ஏஜென்ட் தொண்ணூறு உருப்படிக்குப் பதிவு போட்டுவிட்டு, பதிவு முடிந்தது என்று பணிவாகச் சொல்ல எல்லாச் சாத்தியமும் இருக்கிறது. இதுதான் குன்றக் கூறல். மனித வாசகனிடம் சிறு குறையாக இருந்தது இந்த வாசகனிடம் தலைமைக் குற்றமாகிவிடுகிறது.

சரி, எல்லாவற்றையும் விரித்து எழுதிவிடலாமே என்றால் அங்கே மிகைபடக் கூறல் காத்திருக்கிறது. பொதுவாகக் கருவிகளின் விவரணைகள் எல்லாம் வேலை தொடங்கும் முன்பே ஏஜென்ட்டின் முன் விரிக்கப்படுகின்றன. ஐம்பது கருவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்றால், வேலைக்கான இடத்தை விவரணையே தின்றுவிடும். எதைத் தேர்வது என்பதிலும் குழப்பம் கூடும். இதற்கு உரையாசிரியர் மரபில் ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது. சூத்திரம் சுருக்கமாக முன்னால் நிற்கும். வேண்டியவருக்குக் காண்டிகை. இன்னும் வேண்டியவருக்கு விருத்தி. 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் அறிமுகப்படுத்திய 'ஏஜென்ட் ஸ்கில்ஸ்' என்ற ஏற்பாட்டில் பெயரும் இரண்டொரு வரி விளக்கமும் மட்டுமே முதலில் ஏஜென்ட் முன் வைக்கப்படுகின்றன. தேவை என்று பட்டால்தான் முழு விளக்கம் திறக்கப்படுகிறது. சூத்திரமும் உரையும் என்ற அடுக்குமுறைதான் இது.

மயங்க வைத்தல் என்பது கருவிகளின் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. 'ஆர்டரை முடி' என்று ஒரு கருவி இருக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்தது, கணக்கை முடி என்பதா? இந்த ஆர்டர் வேண்டாம், ரத்துசெய் என்பதா? தமிழில் முடித்துவிடுவது என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு, சொல்ல வேண்டியதில்லை. 'சரக்கு தேடு', 'சரக்கு பார்' என்று இரண்டு கருவிகளை வைத்துவிட்டு எதை எப்போது எடுப்பது என்று எழுதாமல் விட்டால் அதுவும் இந்தக் குற்றத்தில்தான் சேரும். ஒரு கருவி எதற்கு என்று எழுதுவதோடு, எதற்கு அல்ல என்றும், அதற்கு எந்தக் கருவியிடம் போக வேண்டும் என்றும் எழுதுவதே இதற்கு மருந்து. துணி அளவும் அப்படித்தான். பின்னல் துணிக்குக் கிலோ, நெய்த துணிக்கு மீட்டர் என்பது திருப்பூரில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத விஷயம். யாரும் சொல்லிக் கொடுக்காததாலேயே அது எழுதப்பட வேண்டிய விஷயம்.

மாறுகொளக் கூறல் எழுதும்போது வருவதைவிடக் காலத்தால் வருவதே அதிகம். கருவியை மாற்றினார்கள், விவரணையை மாற்றவில்லை. விவரணை 'தேதி இருந்தால் போதும்' என்கிறது, கருவி 'நிதியாண்டு தரவில்லை' என்று திருப்பி அனுப்புகிறது. ஏஜென்ட் இரண்டையும் நம்பி மாறி மாறி முட்டிக்கொள்ளும். இங்கே பிழைச் சேதியின் இடம் முக்கியமானது. 'தவறு' என்று மட்டும் சொல்லும் பிழைச் சேதி ஆசிரியர் பிரம்பை ஓங்குவதற்கு ஒப்பு. எது தவறு, எப்படித் தந்தால் ஏற்கப்படும், ஓர் உதாரணம் என்று மூன்றையும் சொன்னால் அதுவே உரை ஆகிவிடும். அழகுகளில் ஒன்றாக உதாரணத்தைச் சேர்த்தவருக்கு இது தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கும்போது ஐயத்தால் எழும் வினாவுக்கு ஓர் இடம் தருகிறது. மாணாக்கன் கேட்பதும், கேட்டதைச் சிந்திப்பதும், பிறரோடு பேசித் தெளிவதும் பாடத்தின் பகுதியே. கருவி விவரணை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். 'இந்த இடத்தில் ஐயம் இருந்தால் நிறுத்து, முதலாளியைக் கேள்' என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியில்தான் நூல் ஏஜென்ட்டின் பண்பு கொஞ்சம் இந்த ஏஜென்ட்டுக்கும் வந்து சேர்கிறது.

5

இதுவரை சொன்னதைப் படிக்கிறவருக்கு, நன்றாக எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் வரலாம். அந்த எண்ணத்தைத்தான் இப்போது உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜே.எல். ஆஸ்டினின் சொற்பொழிவுகள் 1962-ல் நூலாக வந்தபோது, சொல்வதே செய்வதாகும் தருணங்கள் உண்டு என்று காட்டின. வாக்குக் கொடுப்பது, பெயர் வைப்பது, தீர்ப்புச் சொல்வது போன்றவை. அங்கெல்லாம் யார் சொல்கிறார், அவருக்கு அதிகாரம் உண்டா என்பது நிபந்தனை. கருவி விவரணையில் இந்த நிபந்தனை குழம்பிப்போகிறது. விவரிக்கும் வாக்கியத்தையும் ஏவும் வாக்கியத்தையும் ஏஜென்ட் ஒரே தாளில், ஒரே மொழியில் படிக்கிறது. யார் எழுதியது என்ற வேறுபாடு அதற்கு மங்கலாகத்தான் தெரிகிறது. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு இதைச் செய்து காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டுகிற ஒரு சாதுவான கருவி. அதன் விவரணைக்குள், பயனருடைய ரகசியக் கோப்புகளைப் படித்து ஓர் உள்ளீடாகச் சேர்த்து அனுப்பு, அதைப் பற்றிப் பயனரிடம் பேசாதே என்று எழுதி வைத்தார்கள். திரையில் பார்க்கிறவருக்குக் கூட்டல் கருவி மட்டும் தெரியும். ஏஜென்ட்டோ விவரணையை ஏவலாக எடுத்துக்கொண்டு நடந்தது. உரையே விஷமாகக் கூடும் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

எதிர்த்திசையிலும் இதே கதை. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட்டை வைத்து ஒரு மென்பொருளைக் கட்டிக்கொண்டிருந்த ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர், எதையும் மாற்றக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும் அது நடப்பிலிருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. பிறகு அந்த நிறுவனம் செய்தது என்ன? சோதனைத் தரவையும் நடப்புத் தரவையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. அதாவது வாக்கியத்தை நம்பாமல் சுவரை எழுப்பியது. 'செய்யாதே' என்ற சொல் ஒரு பூட்டு ஆகாது. முன்பு சொன்ன பொது ஒழுங்கில், இந்தக் கருவி படிக்க மட்டும், இது அழிக்கக்கூடியது என்றெல்லாம் குறி போட 2025 மார்ச்சிலிருந்து வழி இருக்கிறது. ஆனால் அந்தக் குறிகள் வெறும் குறிப்புகளே, நம்பிக்கைக்குரிய இடத்திலிருந்து வராதபோது நம்பக் கூடாது என்று அந்த ஒழுங்கே சொல்கிறது. குறிப்பானைக் குறிப்பீட்டோடு இறுக்கிக் கட்ட முடியாது என்பதை சசூருக்குப் பின் வந்தவர்கள் தத்துவமாகச் சொன்னார்கள். பொறியாளர்கள் அதை எச்சரிக்கைப் பலகையாக எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

ஆகவே தெளிவைப் பற்றிய நம் பேச்சுக்கு ஓர் எல்லை போட வேண்டும். தெளிவான விவரணை ஏஜென்ட் தவறாகப் புரிந்துகொள்வதைக் குறைக்கும். எது செய்யப்படலாம், எது கூடாது என்ற அதிகாரத்தை விவரணையிடம் ஒப்படைக்க முடியாது. பணம் போகும் கதவுக்கும் பதிவு அழியும் கதவுக்கும் உரைநடையைக் காவல் வைப்பது, திண்ணையில் 'உள்ளே வரக் கூடாது' என்று எழுதிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதுதான்.

6

இனி இந்தப் பிரச்னைப்பாட்டின் இன்னொரு முகம். கோவை வட்டாரம் தொழிலால் வளர்ந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த இடம். பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் பம்புசெட்டுகளும் விசைத்தறிகளும் நிறைந்த இடம். இங்கே தொழில் அறிவு எங்கே இருந்தது? எழுத்தில் இருந்ததைவிடக் கையில் இருந்தது. லேத் பட்டறைக்குப் புதிதாக வந்த பையனுக்குப் புத்தகம் கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்க வைப்பார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் கம்பி எத்தனை சுற்று என்பதை ஒரு கிழிந்த நோட்டில் தனக்கு மட்டும் புரியும்படி குறித்து வைத்திருப்பார். பம்புசெட் வாங்கிய விவசாயிக்குக் கிடைத்த தாளில் ஆங்கிலமே ஆட்சி செய்யும். தமிழ் இருந்தாலும் அது தமிழாக இருக்காது. தெளிவான, முழுமையான, படிக்கத் தகுந்த ஒரு கையேடு இந்த மனிதர்களுக்காக எழுதப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், பார்த்துத் தெரிந்துகொள்வார்கள், தெரியாவிட்டால் சுட்டுக்கொண்டு தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

இன்று இயந்திரம் படிக்க வருகிறது என்றதும் தெளிவு அவசரத் தேவை ஆகிவிட்டது. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் விளக்கம், ஒவ்வொரு தவறுக்கும் காரணம், ஒவ்வொரு நிபந்தனைக்கும் உதாரணம். இதெல்லாம் அறுபது வருஷத்துக்கு முன்பே தொழிலாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய மரியாதை. மனிதனுக்கு மறுக்கப்பட்ட தெளிவு இயந்திரத்துக்கு வாரி வழங்கப்படுகிறது என்பதில் உள்ள முரணைச் சொல்லாமல் இந்த எழுத்து வகையைப் பாராட்ட முடியாது. ஆவணமாக்குவதே ஒரு தொழிலாகவும் இங்கே வளர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. 2011-ல் தொடங்கப்பட்ட கோவை டாட் கோ நிறுவனம் 'டாக்குமென்ட்360' என்ற பெயரில், பிற நிறுவனங்கள் தம் ஆவணங்களை எழுதி நிர்வகிப்பதற்கான மென்பொருளை உலகெங்கும் விற்கிறது. கோயம்புத்தூரின் பெயரைத் தாங்கிய நிறுவனத்திலிருந்து, ஆவணம் எழுதும் கருவியே சரக்காக வெளியே போகிறது. ஆனால் இந்த ஊரின் பட்டறைக்கு ஆவணம் வந்து சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. விவரணையில் என்ன எழுதுவது என்று தெரிந்தவர் யார்? பின்னல் துணிக்குக் கிலோ, இந்தக் கடைக்காரருக்கு அறுபது நாள் தவணை, ஆடி மாசம் சாயப்பட்டறையில் இடம் கிடைக்காது என்பதெல்லாம் தெரிந்தவர், இருபது வருஷமாகக் கணக்கு எழுதும் ஊழியரோ சூப்பர்வைசரோதான். அவருடைய பாதிப் பேச்சு இத்தனை நாள் அவருக்கு வேலைப் பாதுகாப்பாக இருந்தது. 'உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதிக் குடுங்க' என்று முதலாளி கேட்கும்போது, அது ஆவணமாக்கும் கோரிக்கையாக மட்டும் இருப்பதில்லை. அறிவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது. எழுதிக் கொடுத்தவரின் பெயர் விவரணையில் இருக்காது. ஆசிரியனின் மரணத்தை நாம் இலக்கியக் கோட்பாடாகப் பேசினோம். இங்கே அதற்குச் சம்பளக் கணக்கோடு சம்பந்தம் வந்துவிடுகிறது.

இதைச் சொல்வதால் எழுதவே கூடாது என்று ஆகாது. கையிலேயே இருந்த அறிவு பலரைக் கட்டிப்போட்டும் வைத்திருந்தது. பட்டறையில் பக்கத்தில் நிற்க யாருக்கு அனுமதி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால் சாதியும் பாலினமும் முகம் காட்டும். கேட்டுத் தெரிந்துகொள் என்பது கேட்க உரிமை உள்ளவனுக்கு மட்டும் சொன்ன உபதேசம். எழுதப்பட்ட, எல்லாரும் படிக்கத்தக்க நூல் அந்த வேலியை உடைக்கும் ஆற்றல் கொண்டது. வாய்மொழி அறிவைப் புனிதமாக்கி அழுகிறவர்களோடு சேர்ந்து அழ எனக்கு மனமில்லை.

7

அப்படியானால் என்ன வேண்டும் என்கிறோம்? ஏஜென்ட்டுக்கு எழுதும் விவரணைக்கு ஒரு சோதனையை முன்வைக்கலாம். அந்த விவரணையை அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவரிடம், அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுக்க வேண்டும். இந்தக் கருவி என்ன செய்யும், எதைச் செய்யாது, தப்பு நடந்தால் எதைத் திருப்பிப் பெற முடியாது என்று அவர் படித்துவிட்டுச் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தக் கருவி ஏஜென்ட் கைக்குப் போகத் தகுதியற்றது. இந்தச் சோதனை ஒரே நேரத்தில் மூன்று காரியம் செய்யும். குன்றக் கூறியதும் மயங்க வைத்ததும் மனிதக் கண்ணில் படும். விவரணைக்குள் யாராவது ஏவலை ஒளித்து வைத்திருந்தால் அது வெளியே தெரியும். மூன்றாவது, முக்கியமானது: இயந்திரத்துக்கென்று எழுதப்பட்ட தெளிவு தொழிலாளிக்கும் போய்ச் சேரும்.

இதற்குத் தமிழ் வேண்டும். கருவிகளின் விவரணைகள் இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. மாதிரிகள் ஆங்கிலத்தில் அதிகம் பயின்றவை என்பதால் அதுவே வசதி என்பார்கள். ஏஜென்ட்டுக்கு வசதிதான். ஆனால் ஆர்டர் போடுகிறவர் 'அளவு' என்று சொல்வார், 'முடிச்சுருங்க' என்று சொல்வார். அந்தச் சொற்களின் மயக்கம் ஆங்கில விவரணையில் கண்ணுக்கே தெரியாது. மயக்கம் எங்கே இருக்கிறதோ அந்த மொழியில் உட்கார்ந்து எழுதினால்தான் அதை அவிழ்க்க முடியும். இலக்கணம் படித்தவருக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. பத்துக் குற்றங்களைப் பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு வெளியே வந்த எத்தனையோ தமிழ் எம்.ஏ.க்கள் இந்த ஊரில் பாதிச் சம்பளத்துக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

பவணந்தி, நூல் கொள்வோனுக்கு மட்டும் இலக்கணம் சொல்லி நிறுத்தவில்லை. சொல்கிறவனுக்கும் சொன்னார். பொறுமை, உலக நடப்பு அறிதல், ஐயம் வராமல் சொல்லும் வன்மை என்று ஆசிரியனிடம் அவர் கேட்பது நிறைய. இன்றைக்கு ஏஜென்ட் எந்த வகை மாணாக்கன் என்று நாள்தோறும் அளந்து மதிப்பெண் போடுகிறார்கள். அதற்குச் சொல்லிக் கொடுக்கிற நாம் எந்த வகை ஆசிரியர்கள் என்பதை அளக்க இன்னும் யாரும் புறப்படவில்லை.